கணக்கு டீச்சர் தாவோ படித்த கதை

காளவாசல் முக்கில் ஒரு டீக்கடை. கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒரு கரும்பலகை, அதில் சாக்பீஸால் ‘சூடான வாடை கிடைக்கும்’ என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் ஷேர் ஆட்டோவுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்த எங்கள் கணக்கு டீச்சர், நீட்டிய கையை மடக்கிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார்.

“ஏங்க, வடைக்கு எதுக்குங்க கால்?”

கடைக்காரர் கரண்டியோடு நின்று பலகையைப் பார்த்தார். “ஓடிப் போகவா இருக்கும் டீச்சரம்மா.”

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. ஈரத்துணியை வாங்கி அந்தத் துணைக்காலை அழித்து, வாடையை வடையாக்கிவிட்டுத்தான் வெளியே வந்தார். அதற்குள் ஆட்டோ போய்விட்டது. அதில் நானும் போக வேண்டியவள். அன்று இரண்டு பேருக்கும் தலைமையாசிரியையிடம் பாட்டு கிடைத்தது.

நான் அதே மிஷன் பள்ளியில் வரலாறு எடுத்தேன். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே ஆட்டோ, குணம் மட்டும் நேர் எதிர். எங்கே எது கோணலாக இருந்தாலும் நமக்கென்ன என்று தாண்டிப் போகிறவள் நான். இதற்கு எங்கள் வீட்டில் சோம்பேறித்தனம் என்று பெயர். கணக்கு டீச்சரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதில் ஒரு பிழை கண்டுபிடித்து எனக்கு போன் பண்ணுவார்.

அவருடைய கைப்பையில் எப்போதும் மூன்று சிவப்புப் பேனாக்கள் இருக்கும். பி.இ.டி. சார் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தபோது, வாங்கிய கையோடு அதைத் திருத்தி அவரிடமே திருப்பிக் கொடுத்தார். ‘வாழ்த்துக்கள்’ என்பதில் ‘க்’ வராதாம்.

“அடிச்சுக் குடுத்தாச்சு டீச்சர். கல்யாணம் நாளான்னைக்கு” என்றார் சார் பாவமாக.

“அடுத்த பொண்ணு கல்யாணத்துக்கு உதவும், வச்சுக்கங்க.”

எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மனுஷியை வெறுக்கவும் முடியாது. முப்பத்து நான்கு மதிப்பெண்ணோடு நிற்கிற ஒரு பிள்ளையின் விடைத்தாளை மூன்று தடவை புரட்டுவார். “எங்கயாச்சும் ஒரு ஸ்டெப்பு சரியாப் போட்டிருக்கும், நான்தான் பாக்காம விட்டிருப்பேன்” என்று அரை மதிப்பெண்ணைத் தேடுவார். சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு வராத பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து, அவர்களுக்குச் சுண்டலும் அவரே அவித்துக்கொண்டு வருவார். தப்பை விடாத அதே பிடிவாதம்தான் இதுவும்.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. பேப்பரையும் திருத்துகிறோம், ஆளையும் திருத்துகிறோம், இரண்டுக்கும் ஒரே சொல். எங்கள் கணக்கு டீச்சருக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனது. அதற்கு அவர் கொடுத்த விலை பெரியது.

அவருக்கு ஒரே மகன். கணவர், பையன் ஏழாவது படிக்கும்போதே தவறிவிட்டார். பையன் இன்ஜினியரிங் சேர்ந்து மூன்றாவது வருடத்தில் நிறுத்திவிட்டான். அதை அம்மா முகத்துக்கு நேரே சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி அவர் மேஜையில் வைத்தான். அப்போது அவர் காலாண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். கையில் சிவப்புப் பேனா. படித்துக்கொண்டே போக, கை அதன் வேலையைப் பார்த்தது. ‘முயற்ச்சி’ என்று எழுதியிருந்த இடத்தில் அந்த வேண்டாத ‘ச்’சுக்கு ஒரு வட்டம். ‘அரைகுறை’யில் ‘ர’வுக்கு மாறாக ‘ற’ போட்டிருந்தான், அதற்கு ஒரு வட்டம். திருத்திய தாள்களோடு அதையும் ஓரமாக வைத்துவிட்டு, அரிசி களையப் போய்விட்டார்.

மகன் வந்து பார்த்திருக்கிறான்.

“பதினோரு வட்டம் டீச்சர். நின்னு எண்ணிப் பாத்துட்டுத்தான் போனான்.” இதை அவர் என்னிடம் சொன்னது பாலம் கட்டுகிற வேலையால் காளவாசலில் அசையாமல் நின்ற ஒரு ஷேர் ஆட்டோவுக்குள். “என்ன எழுதியிருந்தான்னே எனக்கு ரெண்டாந்தடவ படிக்கும்போதுதான் தெரியும். அதுக்குள்ள அவன் பஸ் ஏறிட்டான்.”

அவன் திருவாதவூரில் ஒரு சிநேகிதன் வீட்டில் தங்கி, குட்டி யானை என்று எல்லாரும் சொல்கிற சின்ன லோடு வண்டியில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஏற்றிப் பரவை மார்க்கெட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். அம்மாவின் போனை எடுப்பதில்லை. அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

“படிக்க வேணாம். வேற வேலைக்கும் போக வேணாம். ஒரு தடவ என் வீட்டுப் படியேறி வரட்டும். அம்புட்டுத்தான் எனக்கு வேணும்” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வருடம்தான் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. மாத்திரை வாங்கப் போன மருந்துக்கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘தாவோ: மண அமைதிக்கு ஓர் எளிய வழி. சனி காலை. மாடியில்.’

மன அமைதிக்குப் பதில் மண அமைதி. டீச்சர் மாத்திரையை மறந்து மாடிப்படி ஏறிவிட்டார்.

மேலே பாய் விரித்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடத்துகிறவர் பினாங்கில் பல வருடம் ஹார்டுவேர் கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர். அங்கே பக்கத்துக் கடைச் சீனக் குடும்பத்தோடு பழகிப் பழகித் தாவோ என்கிற பழைய சீனத் தத்துவத்தைத் தெரிந்துகொண்டாராம். டீச்சர் வாசலிலேயே நின்று சொன்னார்.

“சார், கீழ நோட்டீஸ்ல தப்பு. மனசுக்கு ரெண்டு சுழிதான் வரும். நீங்க மூணு சுழி போட்டு கல்யாணத்துக்கு அமைதி சொல்லித் தர்றீங்க.”

“அப்படியா? அதுவும் தேவைதான்” என்றார் அவர். “ஒட்டி மூணு மாசமாச்சும்மா. எத்தனையோ பேர் படிச்சுட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் மேல ஏறி வந்திருக்கீங்க. உக்காருங்க.”

“மாத்த மாட்டீங்களா?”

“இருக்கட்டும். அதுதான உங்களைக் கூட்டிட்டு வந்துச்சு?”

இந்தப் பதிலுக்கு என்ன மார்க் போடுவது என்று தெரியாமல் டீச்சர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடத்தில் விஷயம் பரவியது. “தாவுற கிளாஸாமே டீச்சர், இந்த வயசுல தாவணுமா?” என்று பி.இ.டி. சார் பத்திரிகைக்குப் பழி தீர்த்துக்கொண்டார். “தாவு தீர்றதுக்குள்ள கத்துக்கிறேன் சார்” என்றார் டீச்சர். அவருடைய சபைப் போதகர் கொஞ்சம் வருத்தத்தோடுதான் கேட்டார், “வேற வழியில போறீங்கன்னு கேள்விப்பட்டேனேம்மா?” என்று. “வேற வழி இல்லாமத்தான் ஐயா போறேன். ஞாயித்துக்கிழமை தவறாம இங்கிட்டு வந்துருவேன்” என்றார். தாவோ என்றாலே வழி என்றுதான் அர்த்தமாம். இது போதகருக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

தாவோவை டீச்சர் படித்த அழகைச் சொல்ல வேண்டும். நாற்பது பக்க நோட்டுக்கு அட்டை போட்டு, மார்ஜின் கோடு கிழித்துக்கொண்டு வந்தார். முட்டித் தள்ளாமல் இருப்பது, ஓடுகிற தண்ணீர் மாதிரி இடம் பார்த்துப் போவது, செய்யாமல் செய்வது என்று பினாங்கு சார் சொல்லச் சொல்ல ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு எழுதினார். “சிலபஸ் எப்ப சார் முடியும்?” என்று கேட்டார். வீட்டில் ஒரு டைம்டேபிள் ஒட்டியிருந்தார். ‘5.30 – 5.45: சும்மா இருத்தல்.’ 5.46க்கு இட்லிப் பானையை அடுப்பில் வைக்க வேண்டுமாம்.

அங்கே ஒரு பயிற்சி உண்டு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கீழே காளவாசல் சந்திப்பைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பாலத்துக்குத் தோண்டிய பள்ளம், அதைச் சுற்றிக்கொண்டு போகிற பஸ், எதிரே வருகிற ஆட்டோ, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், ஒன்றும் சொல்லக் கூடாது. எனக்குச் சுலபமாக வந்தது. இரண்டாவது நிமிடத்திலேயே தூங்கிவிட்டேன். டீச்சரோ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “டோரு! ஏய், ஸ்கூல் வேன், டோரு தொறந்திருக்கு!” என்று கத்தி என்னை எழுப்பினார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அதைச் சொன்னது சரிதான்” என்றார் சார். “அதுல பிள்ளைங்க இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு லாரிக்காரர் சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்கார்னு முணுமுணுத்தீங்க பாருங்க, அதை மட்டும் விட்டுருங்க.”

ஒருநாள் சார், தாவோவுக்குச் சரியான தமிழ் வார்த்தை தனக்குக் கிடைக்கவே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். வழி என்றால் ரோடு மாதிரி இருக்கிறதாம். டீச்சர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“இருக்கே சார். அது பாட்டுக்கு.”

“என்ன?”

“மழை அது பாட்டுக்குப் பெய்யுது. மாடு அது பாட்டுக்கு மேயுது. நம்ம நாள் பூரா சொல்றதுதான?”

சார் அதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று கும்பிட்டார். எங்களுக்கெல்லாம் கை தட்ட வேண்டும் போல இருந்தது. டீச்சர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். “சொல்ல வருது சார். விட வரல” என்றார்.

வரவில்லை என்பது ஒரு உள்ளூர் விடுமுறை நாளில் நன்றாகத் தெரிந்தது. “பரவை வரைக்கும் போய், சும்மா தூரத்துல நின்னு அவனைப் பாத்துட்டு வந்துருவோம்” என்றார். போனோம். மார்க்கெட் வாசலில் அவன் நின்றிருந்தான். மெலிந்து, கறுத்து, தாடியோடு, வண்டியில் ஏறி நின்று காலிப் பெட்டிகளுக்கு மேல் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நான் டீச்சரின் முழங்கையைப் பிடித்திருந்தேன். எப்போது உருவிக்கொண்டு போனார் என்று தெரியவில்லை.

“தம்பி, அந்தப் பக்கம் கயிறு லூசா இருக்கு பாரு. இழுத்துக் கட்டு.”

அவன் திரும்பினான். அம்மாவைப் பார்த்ததும் ஒரு கணம் முகம் மலர்ந்தது, நான் பார்த்தேன். பிறகுதான் அவர் சொன்னது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். “நான் பாத்துக்கிறேன்” என்று இறங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கயிறு உண்மையிலேயே தளர்ந்துதான் இருந்தது. கொடுமை அதுதான்.

திரும்பி வரும்போது டீச்சர் அழுதார். “ரெண்டு வருஷம் கழிச்சு என் பிள்ளைகிட்ட நான் பேசினது கயிறு. எப்படி இருக்கன்னு கேக்கல. சாப்பிட்டியான்னு கேக்கல. இந்த வாயைத் தைக்கணும் டீச்சர்.” பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் அழுகை வந்தது. தாவோவாவது ஒண்ணாவது என்று மனதுக்குள் அந்தப் பினாங்குக்காரரைத் திட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை அவரிடமே போய் நின்றார் டீச்சர். “தப்புப் பண்ணிட்டேன் சார். எப்படியாச்சும் சரி பண்ணணும்.” மன்னிப்புக் கேட்டு மகனுக்கு ஒரு மெசேஜ் அடித்து வைத்திருந்தார். காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் போட்டு, ஒரு பிழை கிடையாது.

சார் அதைப் படித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். “இதையும் திருத்தத்தான் ஓடுறீங்க. இந்த ஒரு தப்பையாவது அப்படியே விட்டுப் பாருங்களேன்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கல் நெஞ்சுக்காரர் என்று நினைத்தேன். படியிறங்கும்போது டீச்சரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவர் கடைசிப் படியில் நின்று அந்த மெசேஜை அழித்தார்.

“நான் எப்படிப் போய் நின்னாலும் அவனுக்கு சிவப்புப் பேனாவோட வர்ற மாதிரிதான் தெரியும் டீச்சர். கூப்பிட மாட்டேன். அவன் பாட்டுக்கு வரட்டும்.”

“வரலைன்னா?”

“அதையும் நினைச்சுப் பாத்துட்டேன்” என்றார்.

அதன் பிறகு சுமார் நாலு மாதம். வெளியே பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்தது. காலாண்டில் தோற்ற ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டு, பேனாவுக்கு மூடி போட்டு ஓரமாக வைத்துவிட்டு, “சொல்லு” என்றார். அந்தப் பிள்ளை சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசவில்லை. அவர்கள் தெருவில் தண்ணீர் வருகிற நேரமும் பிள்ளை படிக்கிற நேரமும் ஒன்று என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. டைம்டேபிளைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார். நோட்டிலும் நம்பர் போடுவதில்லை. “படுத்தா தூக்கம் வருது டீச்சர்” என்று ஒருநாள் ஏதோ கள்ளத்தனம் செய்தவர் மாதிரி என் காதில் சொன்னார். மகனை நினைத்து அழுவது நிற்கவில்லை. அழுதுவிட்டு, முகம் கழுவிவிட்டு, அடுத்த வேலையைப் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்ததும் சாப்பிட வரச்சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார். மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஹார்ன் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒரு புதுக் குட்டி யானை நின்றது, நெற்றியில் மல்லிகைச் சரம், சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். அவன் ஒரு சாக்குக் கத்தரிக்காயைத் தூக்கிக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தான், உள்ளே வரலாமா என்று கேட்கிறவன் மாதிரி.

“வாய்யா” என்றார் டீச்சர்.

“இம்புட்டு நாளா ஓட்டுனது முதலாளி வண்டிம்மா. இது என் வண்டி. நேத்துதான் எடுத்தேன். உன்கிட்டக் காட்டணும்னு...” சாக்கை இறக்கி வைத்தான். “வந்து பாரேன்.”

மூன்று பேரும் வண்டிக்கு முன்னால் போய் நின்றோம். கண்ணாடிக்கு மேலே மஞ்சள் பெயின்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

‘அம்மா துனை.’

மூணு சுழி வர வேண்டிய இடத்தில் ரெண்டு சுழி. டீக்கடைப் பலகையிலோ கல்யாணப் பத்திரிகையிலோ கூட இவ்வளவு பெரிய எழுத்தில் ஒரு பிழையை நான் பார்த்ததில்லை. டீச்சர் அருகே போனார். கையைத் தூக்கி அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். கடைசி எழுத்தில் விரல் நின்றது.

“பெயின்டர் என்ன எழுதணும்னு கேட்டாரு. நான்தான் பேப்பர்ல எழுதிக் குடுத்தேன்” என்றான் பையன். கண்ணை அம்மாவின் விரலிலிருந்து எடுக்கவில்லை. “சரியா இருக்காம்மா?”

அவ்வளவு பெரிய ஆண்பிள்ளை, பத்தாம் வகுப்புப் பையன் மாதிரி நின்றான். நான் உள்ளுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

“சரியா இருக்குய்யா” என்றார் டீச்சர். “ரொம்ப நல்லா இருக்கு.”

அவன் சிரித்தான். எதையும் கண்டுகொள்ளாத எனக்கு அன்றைக்கென்று என்ன வந்ததோ, “தம்பி, அது மூணு...” என்று வாயைத் திறந்துவிட்டேன். டீச்சர் என் காலை ஓங்கி மிதித்தார். எலும்பு வரைக்கும் வலித்தது. அவன் கவனிக்கவில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, படியேறி உள்ளே போனான். கை கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

“ஏன் டீச்சர், உங்களுக்குத் தெரியலையா?” என்றேன் மெதுவாக.

அவர் இன்னும் அந்தக் கடைசி எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது.

“தெரியாம என்ன? எழுதினது தப்பு டீச்சர்” என்றார். “சொன்னது சரி.”

உள்ளேயிருந்து, “அம்மா, பசிக்குது” என்று குரல் வந்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினார். நான் காலைத் தேய்த்துக்கொண்டே பின்னால் போனேன்.